ஒருவருக்கு ஒரு பாட்டு: ஒரு நெடுநாள் பழக்கத்தின் அனுபவப் பகிர்வு

ஓர் இசைக் கலைஞர் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ பாடல்களைக் கொடுத்திருக்க, அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தேடிப் போகாமல் இருக்கும் பழக்கத்தைக் கேசட் காலந்தொட்டு நான் கடைப்பிடித்து வருகிறேன். தருமபுரியில் வீடும் கிருஷ்ணகிரியில் அலுவலகமுமாக அமைந்துவிட்டதால், காரிமங்கலம், காவேரிப்பட்டணம் வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போவதும் வருவதுமே எனக்குப் பாட்டுக் கேட்கும் நேரமாகிவிட்டது. இத்தனை ஆண்டுகளில் இந்தப் பழக்கம் எங்கே பயன்பட்டது, எங்கே பயன்படாமல் போனது என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஒரு பாட்டு போதும் என்று சொல்வதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. அந்தப் பாடல் முடிந்ததும் அதே கலைஞரின் இன்னொன்றைக் கேட்க வேண்டும் என்று தோன்றக் கூடாது. அவருடைய கைவண்ணம் எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால் அந்த ஒன்றைப் போட்டுக் காட்டினாலே விளங்கிவிட வேண்டும். அது அவருடைய மிகப் புகழ்பெற்ற பாடலாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மற்ற பாடல்கள் தரம் குறைந்தவை என்றும் நான் கருதுவதில்லை. அவை தேநீர்க் கடையிலும் திருமண மண்டபத்திலும் தனியார் பேருந்திலும் நாம் கேட்காமலேயே நம்மிடம் வந்து சேர்ந்துவிடுகின்றன என்பதால், அவற்றை நானும் சேமித்து வைக்க வேண்டிய தேவை எழவில்லை.

பழக்கம் தொடங்கியதற்குக் காரணம் இடநெருக்கடிதான். அந்நாளில் ஒரு தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்தால், பாட்டுப் பதிவு செய்து தரும் கடைகளில் 60 நிமிடக் கேசட் ஒன்றில் பக்கத்துக்கு ஆறேழு பாடல்கள் வீதம் நிரப்பித் தருவார்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொருவரைப் பிடிக்கும் என்ற நிலையில், ஒரே கேசட்டுக்குள் எல்லாரையும் அடக்க வேண்டுமானால் ஆளுக்கு ஒன்று என்று வரையறுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. மெமரி கார்டு வந்து ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு இடம் கிடைத்த பிறகும் நான் அந்த வரையறையைக் கைவிடவில்லை. இடம் தாராளமாகக் கிடைத்த பிறகுதான் அதன் பயன் எனக்கு முழுமையாகத் தெரிந்தது.

முதலில் வேதாவைச் சொல்ல வேண்டும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘வல்லவனுக்கு வல்லவன்’ படத்தில் அவர் இசையமைத்த ‘ஓராயிரம் பார்வையிலே’ என்ற பாடலே அவருக்காக நான் வைத்திருப்பது. அந்தப் படம் வந்த 1965ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்தில்தான் தருமபுரி தனி மாவட்டமானது. அதுவரை நாங்களும் சேலத்துக்காரர்களே. ‘இரு வல்லவர்கள்’, ‘அதே கண்கள்’ என்று வேதாவின் மற்ற படங்களிலும் துள்ளலான பாடல்கள் பல உண்டு என்றாலும், இந்த ஒன்றில் அவர் டி.எம். சௌந்தரராஜனின் முழுக்குரலை அடக்கி வைத்திருக்கும் விதம் வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. வழக்கமாகக் கண்ணதாசனின் சொற்களை மேடையிலிருந்து அறிவிப்பதுபோல் பாடக்கூடிய அந்தக் குரல், இங்கே எதிரில் இருக்கும் ஒருத்திக்கு மட்டும் கேட்டால் போதும் என்ற அளவில் நிற்கிறது. திரையில் வாயசைப்பவரோ, பெரும்பாலும் வில்லனாகவே அறியப்பட்ட அசோகன்.

இந்த மெட்டு இந்தி இசையமைப்பாளர் ரவியுடையது, 1963இல் வந்த ‘உஸ்தாதோன் கே உஸ்தாத்’ படத்தில் முகமது ரஃபி பாடியது என்பது பழைய பாடல் கேட்பவர்கள் பலருக்கும் தெரிந்த செய்தி. அப்படியானால் இதை வேதாவின் ஒரே பாட்டாக வைப்பது முறையா என்று நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். வேதாவின் படங்களில் பல மெட்டுகள் இந்தியிலிருந்து வந்தவையே என்பதால், வந்த மெட்டைத் தமிழுக்கு எவ்வளவு நன்றாகப் பழக்கினார் என்பதை வைத்தே அவரை மதிப்பிட வேண்டும் என்பது என் பதில். அந்த வகையில் இதைவிடச் சிறந்த சான்று இல்லை. சங்கர்–கணேஷ் இரட்டையருக்கு நான் வைத்திருக்கும் ‘மேகமே மேகமே’ பாடலுக்கும் இதே கதைதான். ‘பாலைவனச் சோலை’ (1981) படத்துக்காக வைரமுத்து எழுதி வாணி ஜெயராம் பாடிய அப்பாடலின் மெட்டு, ஜக்ஜித் சிங் பாடிய கஜல் ஒன்றிலிருந்து வந்தது. ‘மகராசி’ (1967) தொடங்கி அவர்கள் இசையமைத்த படங்களின் வரிசை மிக நீண்டது. சாமிப் படங்கள், சண்டைப் படங்கள், விலங்குகள் நடித்த படங்கள் என்று எல்லா வகையும் அதில் உண்டு. அவ்வளவு விரைவாக வேலை பார்த்தவர்களிடமிருந்து இவ்வளவு நிதானமான ஒரு பாடல் வந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

வாணி ஜெயராமுக்கும் அதே பாடலை வைத்துக்கொள்ளலாமா என்று நெடுங்காலம் யோசித்து, வைத்துக்கொள்ளலாம் என்றே முடிவு செய்தேன். ஒரே பாடல் இரண்டு கலைஞர்களுக்கும் போதுமானதாக அமைவது அரிது. அமைந்துவிட்டால் அந்தப் பாடலின் மீது நம்பிக்கை இன்னும் கூடுகிறது. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக ‘வெள்ளி விழா’ (1972) படத்தின் ‘காதோடுதான் நான் பாடுவேன்’ பாடலைச் சொல்வேன். இசை வி. குமார், பாடல் வாலி, குரல் எல்.ஆர். ஈஸ்வரி. ‘நீர்க்குமிழி’, ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘எதிர்நீச்சல்’, ‘இரு கோடுகள்’ என்று கே. பாலசந்தரின் தொடக்கக் காலப் படங்களில் குமார் செய்தவற்றைத் தனித்தனியாகப் பாராட்டலாம்; ஆனால் குறைந்த கருவிகளை வைத்துக்கொண்டு குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் அவருடைய இயல்பு இந்தப் பாடலில்தான் முழுதாகத் தெரிகிறது. ஈஸ்வரியின் பக்கத்திலிருந்து பார்த்தாலோ செய்தி இன்னும் சுவையானது. ஆடி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊரின் எந்தத் தெருவில் நின்றாலும் ஒலிபெருக்கியில் ‘செல்லாத்தா’ கேட்கும்; மாசியில் காவேரிப்பட்டணத்து மயானக் கொள்ளைக் கூட்டத்திலும் அம்மன் பாட்டுகள்தாம் முழங்கும். அத்தனை உரத்த குரலுக்கு உரியவர் ஒரு பாடல் முழுவதையும் கிசுகிசுப்பிலேயே நடத்தி, ஓரிடத்திலும் சுருதி தளராமல் முடிக்கிறார். இந்த ஒன்றைக் கேட்ட பிறகு, அவர் உரக்கப் பாடியவை எல்லாம் அவர் விரும்பித் தேர்ந்துகொண்ட முறை என்று புரிகிறது.

அதே குமார் இசையில், ‘நீர்க்குமிழி’ படத்துக்காகச் சுரதா எழுதிச் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய ‘ஆடி அடங்கும் வாழ்க்கையடா’ பாடலைச் சாவு வீடுகள் எடுத்துக்கொண்டுவிட்டன. விடியற்காலையில் கோயில்கள் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’ பாடலை எடுத்துக்கொண்டன. சீர்காழியைப் பொறுத்தவரை தேர்வை ஊரே செய்து முடித்துவிட்டதால் நான் தலையிடவில்லை.

எல்லைப் பகுதியில் வாழ்வதால் வரும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஜி.கே. வெங்கடேஷுக்கு நான் வைத்திருப்பது ‘பொண்ணுக்குத் தங்க மனசு’ (1973) படத்தின் ‘தேன் சிந்துதே வானம்’. எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் எஸ். ஜானகியும் பாடிய அந்தப் பாடலின் மென்மை எனக்குப் போதுமானதாக இருந்தது. ஓசூரைச் சேர்ந்த, வீட்டில் கன்னடம் பேசும் அலுவலக நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். “எங்களுக்கு அவர் ராஜ்குமாரோட ஆளு சார், ஒண்ணு போதும்னு எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ‘பங்காரத மனுஷ்யா’ போன்ற படங்களும், 1974இல் ‘சம்பத்திகெ சவால்’ படத்தில் கன்னட நடிகர் ராஜ்குமாரையே பாட வைத்த பாடலும் அவர் வீட்டில் நான்கு தலைமுறை அறிந்தவை. தமிழில் வெங்கடேஷ் கொடுத்தவை குறைவு என்பதால் எனக்கு ஒன்று போதுமானதாகிறது. ஓசூர்க்காரருக்கு அது போதுமானதாக முடியாது. ஒரு கலைஞரின் ஒற்றைப் பாட்டு என்பது கேட்பவர் எந்த மொழியின் பக்கம் நிற்கிறார் என்பதையும் பொறுத்தது.

எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு ‘குறை ஒன்றும் இல்லை’. எழுதியவர் ராஜாஜி, அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்கு அருகில், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் இருக்கிறது. மாவட்டப் பற்றால் தேர்ந்தெடுத்தேன் என்று எண்ண வேண்டாம். கடையநல்லூர் வெங்கடராமன் அதைச் சிவரஞ்சனி, காபி, சிந்து பைரவி என்று மூன்று இராகங்களில் அமைத்திருக்கிறார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எம்.எஸ். எந்த வித்தையையும் காட்டாமல் கடந்துபோவதே அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பாதி. கச்சேரி ரசிகர்கள் இதை ஏற்க மாட்டார்கள் என்பது தெரியும். அவர்களோடு வாதாட எனக்குத் தகுதியும் இல்லை, பொழுதும் இல்லை.

பி. சுசீலா 17,695 பாடல்கள் பாடியிருப்பதாகக் கின்னஸ் புத்தகம் 2016இல் பதிவு செய்தது. அந்தக் கணக்கிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும் என்றால் எவருக்கும் கை நடுங்கும். ‘உயர்ந்த மனிதன்’ (1968) படத்தின் ‘பால் போலவே’ பாடலை நான் வைத்திருக்கிறேன். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலாக வழங்கப்பட்டதும் அந்தப் பாடலுக்கே என்று பிறகு அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிடச் சற்று ஏமாற்றமே மிஞ்சியது. விருதுக் குழுவோடு ஒத்துப்போகும் தேர்வில் தனித்த ரசனை எங்கே இருக்கிறது? இருந்தாலும் மாற்றவில்லை.

இந்தப் பழக்கம் முற்றிலும் பயன்படாத இடங்கள் இரண்டு. எம்.எஸ். விசுவநாதனுக்கு எந்த ஒன்றை எடுத்தாலும் அது அவருடைய பாட்டாக நிற்பதில்லை. பாடுபவருக்கு ஏற்பவும் கவிஞரின் சொல்லுக்கு ஏற்பவும் அவர் தம்மை மாற்றிக்கொண்டே இருந்ததால், எடுத்தது பி.பி. ஸ்ரீநிவாஸ் பாட்டாகவோ சுசீலா பாட்டாகவோ கண்ணதாசன் பாட்டாகவோ மாறிவிடுகிறது. ‘பால் போலவே’ பாடலும் அவர் இசைதான். ஆனால் அது சுசீலாவின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. இளையராஜாவின் நிலை இதற்கு நேர்மாறானது. ‘அன்னக்கிளி’ (1976) முதல் ஆயிரமாவது படமான ‘தாரை தப்பட்டை’ (2016) வரை, யார் பாடினாலும் பாடல் அவருடையதாகவே இருக்கிறது. ஆனால் ஒன்று முடிந்ததும் இன்னொன்று தேவைப்படுகிறது. ஒரு படத்தின் இடையிசையில் தொட்டுவிட்டு விட்ட யோசனையை அவர் வேறொரு படத்தில் விரித்திருப்பதால், காது தானாகவே அங்கே போகிறது. ஆகவே அவருக்குத் தனியாக ஒரு கார்டே ஒதுக்கிவிட்டேன்.

நடைமுறைக்கு வருவோம். இணையம் வழியாகப் பாட்டுக் கேட்கும் செயலிகள் இந்தப் பழக்கத்துக்கு ஒத்துவருவதில்லை. ஒரு பாடல் முடிந்த உடனே அதே கலைஞரின் அடுத்ததைத் தாமாகவே போட்டுவிடுகின்றன; அந்தப் பாடல் விட்டுச் சென்றது மனத்தில் படிவதற்கு முன்பே வேறொன்று தொடங்கிவிடுகிறது. தானாக அடுத்ததைப் போடும் வசதியை நிறுத்தி வைப்பது முதல் வேலை. இரண்டாவதாக, ஒரே பாடல் வெவ்வேறு நீளங்களில் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் அடங்கும் என்பதால் பல பாடல்களில் சரணத்தையோ இடையிசையையோ குறைத்தே தட்டில் ஏற்றினார்கள். படத்தின் ஒலித்தடத்திலிருந்து எடுத்தது முழுமையாக இருக்கும், ஆனால் வசனமும் காலடிச் சத்தமும் கலந்திருக்கும். ஒருவருக்கு ஒன்றுதான் என்று முடிவு செய்துவிட்டால் அந்த ஒன்றை நல்ல பதிவாகத் தேடி எடுக்கும் பொறுமை தானாக வருகிறது. பெண்ணாகரம் தாண்டி ஒகேனக்கல் மலைப்பாதையில் இறங்கும்போதும் அஞ்செட்டிக் காட்டுப் பாதையிலும் சிக்னல் அறுந்துபோகும் என்பதால் கார்டில் இறக்கி வைத்திருப்பதே நம்பகமானது.

தேய்மானம் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நாள்தோறும் கேட்டால் எந்தப் பாடலும் சலிக்கும் என்பது உண்மை. பல்லவியில் ஒரு சொடுக்கை வைத்துக்கொண்டு அதையே நம்பி நடக்கும் பாடல்கள் முதலில் சலிக்கின்றன. சரணத்தில் பல்லவிக்குச் சம்பந்தமில்லாத திசையில் போய்த் திரும்பி வருபவை நெடுநாள் தாங்குகின்றன. ‘ஓராயிரம் பார்வையிலே’ பாடலின் சரணம் இன்றும் எனக்குப் புதிதாகவே இருக்கிறது. சலிப்பு தட்டும் பாடலை நீக்காமல், கொஞ்ச காலம் கேட்காமல் ஒதுக்கி வைப்பேன். அதற்குள் தருமபுரி பண்பலை 102.5இல் நாம் எதிர்பாராத ஒரு மாலையில் அது வந்துவிடும். நாமாகப் போட்டுக் கேட்பதற்கும் வானொலி கொண்டு வந்து கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடே சலிப்பைப் போக்கப் போதுமானது.

புதிதாகப் பாட்டுக் கேட்கத் தொடங்கும் இளையவர்களுக்கு இந்தப் பழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அவர்கள் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நூறு காதில் விழுந்திருக்க வேண்டும். எங்கள் தலைமுறைக்கு அந்த நூறைத் தெருவே கொடுத்தது.

வீட்டில் தீராமல் இருப்பது ஜானகியின் விவகாரம். ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்துக்கு ஈடுகொடுத்துப் பாடிய ‘சிங்காரவேலனே தேவா’ போதும் என்கிறேன் நான். அந்தப் பாடலில் ஜானகியைவிட நாகஸ்வரம்தான் தெரிகிறது, ‘16 வயதினிலே’ படத்தின் ‘செந்தூரப் பூவே’ பாடலில்தான் ஜானகி முழுதாக இருக்கிறார் என்கிறார் என் மனைவி. அதுவோ இளையராஜாவின் பாட்டு, அவருக்குத்தான் தனிக் கார்டு இருக்கிறதே என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. இப்போதைக்கு இரண்டும் ஒரே கார்டில் அடுத்தடுத்து இருக்கின்றன.