பாப்-அப் ஃபிளாஷா, ரேடியோ டிரிக்கரா? தனி ஃபிளாஷை எரியவைக்கும் மூன்று வழிகள்

கேமராவிலிருந்து தள்ளி வைத்த ஃபிளாஷை எரியவைக்க, கேமராவின் தலைக்கு மேல் எழும் பாப்-அப் ஃபிளாஷே பல நேரம் போதும். எந்த முறையில் அதைப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் சிக்கல்.

செலவே இல்லாதது ஆப்டிகல் ஸ்லேவ்: இன்னொரு ஃபிளாஷின் ஒளியைப் பார்த்துத் தனி ஃபிளாஷ் தானும் எரிவது. கோடாக்ஸ் டிடி600, யோங்நுவோ ஒய்என்560 போன்ற, பவரைக் கையால் வைக்கும் மேனுவல் ஃபிளாஷ்களில் எஸ்1, எஸ்2 என இரண்டு நிலைகள் இருக்கும். எஸ்1, கண்ணில் பட்ட முதல் ஒளிக்கே எரியும். பாப்-அப் டிடிஎல்லில் (கேமராவே ஒளியளவைக் கணிக்கும் முறை) இருந்தால் அந்த முதல் ஒளி, அளவு பார்க்க வரும் ப்ரீஃபிளாஷ். ஷட்டர் திறக்கும் முன்பே ஸ்லேவ் எரிந்து முடிந்துவிடும். ஃபிளாஷ் எரிந்ததைக் கண்ணால் பார்த்தும் படம் இருட்டாக வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். பாப்-அப்பை மேனுவலுக்கு மாற்றி 1/128 பவரில் வையுங்கள். மேனுவல் இல்லாத கேமராவில் எஸ்2 போடுங்கள், அது ப்ரீஃபிளாஷைத் தாண்டிவிடும். கண் சிவப்பைக் குறைக்க முன்கூட்டியே ஒளிரும் ரெட்-ஐ ரிடக்‌ஷனையும் அணைத்துவிடுங்கள்.

பாப்-அப்பின் ஒளி படத்தைக் கெடுக்காதா? கைடு எண் (ஃபிளாஷின் வலிமையைச் சொல்லும் எண்) 12 உள்ள பாப்-அப், 1/128-இல் ஏறத்தாழ 1-க்கு இறங்கிவிடும். ஐஎஸ்ஓ 200, எஃப்/8, 1 மீட்டர் தூரம் என்றால், சரியான ஒளியைவிட 5 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும்) குறைவு. முகத்தில் தெரியாது, எவர்சில்வர் பாத்திரத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். பழைய கலர் நெகட்டிவ் சுருள் கிடந்தால், முழுக்க ஒளிபட்டுக் கழுவிய கறுப்பு நுனியை வெட்டி பாப்-அப் முன் ஒட்டலாம்: கண்ணுக்குத் தெரியும் ஒளி நிற்கும், அகச்சிவப்பு ஊடுருவி ஸ்லேவை எட்டும்.

கல்யாண மண்டபத்துக்கு இந்த வழி ஆகாது. பக்கத்து போட்டோகிராபர் அடிக்கும் ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் உங்களுடையதும் எரியும். தாலி கட்டும் நேரத்தில் சார்ஜ் ஏறாமல் நிற்கும்.

அந்தத் தொல்லை கமாண்டர் முறையில் இல்லை. நிக்கான் டி90, டி7000, டி750, கேனான் 7டி, 70டி போன்றவற்றில் பாப்-அப் ஒளித்துடிப்புகளாலேயே சேனல், குரூப், பவர் எல்லாவற்றையும் சொல்லியனுப்பும். டிடிஎல்லும் கிடைக்கும். நிக்கான் டி3000, டி5000 வரிசைகளில் இது கிடையாது; வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷும் அந்தந்த நிறுவன முறையைப் புரிந்துகொள்வதாக இருக்க வேண்டும். எஸ்2-இல் உள்ள ஃபிளாஷை இதோடு சேர்க்காதீர்கள்: துடிப்புகள் பல, அது தாண்டுவதோ ஒன்றைத்தான்.

இரண்டு வழிக்கும் பொதுவான குறை, ஸ்லேவின் சென்சார் கேமராவைப் பார்க்க வேண்டும் என்பது. ஒளியை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸுக்குள்ளோ தூணுக்குப் பின்னாலோ போனால் தவறும். உச்சி வெயிலில் சில மீட்டரிலேயே தடுமாறும். ஃபிளாஷின் உடலை கேமரா பக்கம் திருப்பி, தலையை மட்டும் ஆள் பக்கம் சுழற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

வெளியிடம், மண்டபம் என்றால் தயங்காமல் ரேடியோ. கேமராவில் மாட்டும் கோடாக்ஸ் எக்ஸ்2டி டிரிக்கர் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசும்; டிடி600-க்குள் ரிசீவர் இருப்பதால் தனியாக வாங்க வேண்டாம். சேனல் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபிளாஷ் மிக அருகில் இருந்து எரியாமல் போனால் மெனுவில் தூரத்தை 0-30 மீட்டருக்கு மாற்றுங்கள். ஹெச்எஸ்எஸ் (வேகமான ஷட்டரிலும் ஃபிளாஷ் எரியும் வசதி) இருப்பதால் ஷட்டர் வேகத்தில் 1/200-ஐத் தாண்டியும் போகலாம், ஒளி குறையும். டிரிக்கருக்கும் பேட்டரி உண்டு. உதிரி செல் பையில் இருக்கட்டும்.

வீட்டு மேசையில் பொருள் படம் எடுப்பவர் மட்டும் இந்தச் செலவைத் தள்ளிப்போடலாம்.