30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி: எங்கள் குன்னூர் வீட்டு அனுபவம்

கரண்ட் கொஞ்சம் தரைக்குக் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும் சுவிட்ச்தான் இந்த ஆர்.சி.சி.பி; 30 மில்லியாம்ப் என்பது அந்தக் கசிவின் அளவு. முதல் வாரமே இதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். 40 ஆம்பியர், 2 போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது), நான் வாங்கிய விலை 1,850 ரூபாய். காலை ஐந்து மணிக்கு வெந்நீர் ராடைப் போட்டால் பட்டென்று மொத்த வீடும் இருட்டு. ஐப்பசி மழைக் குளிரில் டார்ச்சைத் தேடி அலைய வேண்டும். "பழைய ஃப்யூஸ் கட்டை இருபது வருஷமா ஒரு தொந்தரவு பண்ணல" என்று வீட்டுக்காரர் வேறு.

வயரிங் தம்பி வந்தார். வாளியை மர ஸ்டூலில் வைத்து ராடைப் போட்டார், ட்ரிப் ஆகவில்லை. அதே வாளி பாத்ரூம் ஈரத் தரையில், பட்! "ராடு லீக்காகுது அக்கா. தண்ணி, வாளி, தரைன்னு இறங்குது. சாக்கெட்ல எர்த்தே இல்ல பாருங்க." எவர்சில்வர் வாளியைத் தொட்டால் விரல் சுருசுருவென்று இருக்கும். குளிரில் மரத்துப்போகிறது என்றல்லவா நினைத்திருந்தேன்!

ஃப்யூஸுக்குப் பதிலாகப் போடும் 16 ஆம்பியர் எம்.சி.பி சுவிட்ச் இதற்கெல்லாம் அசையாது. ஓவர்லோடு என்றால் அதன் ஈருலோகத் தகடு (இரண்டு உலோகம் ஒட்டிய தகடு) சூடாகி வளையும், ஷார்ட் என்றால் காந்தச் சுருள் இழுக்கும். ஆளைக் கொல்லவோ ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும்.

தம்பி பையிலிருந்த செத்துப்போன ஆர்.சி.சி.பி ஒன்றைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு வளையம். கரண்ட் போகும் ஃபேஸ், திரும்பும் நியூட்ரல் இரண்டும் தடித்த செம்புக் கம்பிகளாக அதற்குள் நுழைகின்றன. கூடவே தலைமுடி போல ஒரு மெல்லிய சுருள். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இருந்தால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கொஞ்சம் தரைக்குப் போனாலும் கணக்கு உதைக்கும். மிஞ்சிய புலம் மெல்லிய சுருளில் மின்சாரத்தைத் தூண்ட, சுவிட்ச் விழுந்துவிடும்.

குறை இல்லாமலில்லை. மொத்த வீட்டுக்கும் ஒன்றே போட்டது என் தப்பு. கல்யாணத்துக்குக் கோவை போய் இரண்டு நாள் கழித்து வந்தால், வாசல் லைட் ஹோல்டரில் ஈரம் இறங்கி ட்ரிப் ஆகியிருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்த இட்லி மாவு பொங்கி வழிந்து அடித்தட்டு வரை! இப்போது வெளி லைட்டுக்குத் தனியாக ஒன்று. ஓவர்லோடையும் இது பார்க்காது, எம்.சி.பி கட்டாயம் வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் இதற்குத் தெரியாது. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கிறேன்.

நாலு ஸ்டார். ராடைத் தூக்கிப்போட மாமியார் விடவில்லை. வயரை மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன்.