‘வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சை நம்பி வெளிநாட்டு வேலைக்குப் புறப்படாதீர்கள்

வெளிநாட்டு நிறுவனமொன்றின் வேலையை ஏற்று நான் குடும்பத்துடன் குடிபெயர்ந்தபோது, அந்த நிறுவனம் ஏற்பதாகச் சொல்லியிருந்த இடமாற்றச் செலவில் பெரும்பகுதி என் சேமிப்பிலிருந்தே போய்விட்டது. பணம் தர முடியாது என்று அவர்கள் ஒருமுறைகூட நேரடியாக மறுக்கவில்லை. எவ்வளவு, எதற்கு, எந்த நாணயத்தில், எப்போது என்ற கேள்விகளுக்கான பதிலை, நான் பழைய வேலையிலிருந்து விலகி, வீட்டைக் காலி செய்து, விமானம் ஏறும்வரை தள்ளிப்போட்டார்கள்; அதற்குப் பிறகு பேரம் பேசுவதற்கு என்னிடம் எந்தப் பிடியும் இல்லை. இப்போது இப்படியொரு பணி வாய்ப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்காக, நடந்ததை எழுதுகிறேன்.

பணி வாய்ப்புக் கடிதத்தில் இடமாற்றம் குறித்து ஒரே ஒரு வரிதான் இருந்தது: நியாயமான இடமாற்றச் செலவுகள் நிறுவனத்தின் கொள்கைப்படி ஈடுசெய்யப்படும். அந்தக் கொள்கை ஆவணத்தை அனுப்பும்படி மனிதவளத் துறைக்கு எழுதினேன். அது உள் ஆவணம் என்றும், பணியில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே காட்டப்படும் என்றும் பதில் வந்தது. தொலைபேசியில் பேசிய அலுவலரோ, விமானக் கட்டணம், சாமான் அனுப்பும் செலவு, தற்காலிகத் தங்குமிடம், குடும்பத்தினரின் விசா எல்லாமே இதில் அடங்கும் என்றும், “விவரங்களை நீங்கள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், இதுவரை யாருக்கும் சிக்கல் வந்ததில்லை” என்றும் உறுதியளித்தார். சம்பளத்தையும் விடுப்பையும் அறிவிப்புக் காலத்தையும் எண்களில் எழுதத் தெரிந்த நிறுவனம், அதே கடிதத்தில் இவ்வளவு பெரிய செலவை எண்ணே இல்லாமல் எழுதியது தற்செயல் அல்ல என்பதே என் உறுதியான கருத்து.

பணியில் சேர்ந்த பிறகு அந்த ஆவணம் என் பார்வைக்கு வந்தது. விமானக் கட்டணம் ஊழியருக்கு மட்டும். விசாக் கட்டணமும் அப்படியே. சான்றிதழ்களை மொழிபெயர்த்துச் சான்றொப்பம் பெற்ற செலவும் மருத்துவப் பரிசோதனைச் செலவும் ஊழியரின் சொந்தச் செலவுகள். தங்குமிடம் இரண்டு வாரம், அதுவும் ஒருவருக்கான அறை. நிறுவனம் பட்டியலிட்ட முகவர் வழியாக, முன் அனுமதி பெற்று அனுப்பிய சாமான்களுக்கு மட்டுமே பணம் திரும்பக் கிடைக்கும். உங்களுக்கு வசதியான முகவரை அமர்த்திக்கொண்டு ரசீதை அனுப்பினால் போதும் என்று அதே அலுவலர் சொன்னதன்பேரில், என் சாமான்கள் அப்போது கப்பலில் வந்துகொண்டிருந்தன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், மருத்துவப் பரிசோதனை, பயணம், தங்குமிடம், விசா போன்றவற்றை ஆளெடுப்போடு தொடர்புடைய செலவுகளாகக் கருதி, அவற்றைத் தொழிலாளர்மீது சுமத்தக் கூடாது என்கின்றன. ஒரு தனியார் நிறுவனத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல அது. ஆயினும் தயங்கி நிற்பவர்களுக்கு, இந்தச் செலவுகளைக் கேட்பது பேராசை அல்ல என்ற தைரியத்தை அது தரும்.

கொள்கைப்படி கிடைக்க வேண்டிய தொகையும் முழுதாக வரவில்லை. அதைச் சம்பளத்துடன் சேர்த்து வரி பிடித்துவிட்டார்கள். நான் செலவழித்த என் பணமே திரும்பி வரும்போது என் வருமானமாகக் கணக்கில் ஏறியது. சில நாடுகளின் சட்டமே இவ்வாறுதான் இருக்கிறது. அமெரிக்காவில் 2018 முதல், ராணுவத்தினர் போன்ற சில பிரிவினரைத் தவிர மற்றவர்களுக்கு, முதலாளி திருப்பித் தரும் இடமாற்றச் செலவு கூட்டாட்சி வருமான வரிக்கு உட்பட்ட ஊதியமாகிறது. பிரிட்டனில் தகுதியுள்ள இடமாற்றச் செலவுகளில் 8,000 பவுண்டு வரை வரி கிடையாது, அதற்கு மேல் உண்டு. எனவே சொல்லப்படும் தொகை வரி பிடிப்பதற்கு முந்தையதா, பிடித்தது போகக் கையில் கிடைப்பதா என்பதைக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வரியையும் சேர்த்துக் கணக்கிட்டு, ஒப்புக்கொண்ட தொகை குறையாமல் கையில் சேரும்படி கொடுப்பது பல நிறுவனங்களில் உள்ள ஏற்பாடுதான். புதிதாக எதையோ கேட்கிறோம் என்ற கூச்சம் வேண்டாம். விமானச்சீட்டு, சாமான் ஏற்றுமதி போன்ற பெரிய செலவுகளை நிறுவனமே நேரடியாகச் செலுத்துமானால் அது எல்லாவற்றிலும் நல்லது, ஏனெனில் அப்போது நீங்கள் அவர்களுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

சாமான்களை அனுப்பியதில் பட்ட பாடு தனி. 20 அடி கொள்கலனின் கொள்ளளவு ஏறத்தாழ 33 கன மீட்டர். சிறு குடும்பத்தின் சாமான்கள் அதை நிரப்பாது என்பதால், பிறருடைய சரக்குடன் பகிர்ந்து, கன மீட்டர் கணக்கில் கட்டணம் செலுத்தும் முறையில் அனுப்பினேன். காணொளி வழியாக வீட்டைப் பார்த்து விலை சொன்ன முகவர், மூட்டை கட்டி எடுத்துச் சென்ற பிறகு அளவு கூடிவிட்டது என்றார். மறு அளவீட்டுக்கான ஆதாரத்தைக் கேட்டபோது தரவில்லை. அதைவிடப் பெரிய அடி பிறகுதான் விழுந்தது. அவர் சொன்ன விலை சென்றடையும் துறைமுகம் வரைக்கும் உரியது. அங்கே கொள்கலனிலிருந்து இறக்குவது, கையாள்வது, சுங்க ஆவணம், கிடங்கு, வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பது அனைத்துக்கும் அந்த ஊர் முகவரிடமிருந்து தனி ரசீது வந்தது, அதைக் கட்டும்வரை சாமான்களை விடுவிக்கவும் மறுத்தார்கள். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை என்று எழுத்தில் இல்லாத எந்த விலையையும் முழு விலை என்று எண்ணாதீர்கள். விமானச் சரக்கில் இன்னொரு கணக்கு உண்டு: ஒரு கன மீட்டரைக் குறைந்தது 167 கிலோவாக எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம் என்பதால், எடை குறைந்து இடம் அடைக்கும் மெத்தையும் பொம்மைகளும் எடைக்கு மீறிய கட்டணத்தில்தான் பறக்கும்.

கிடங்கு வாடகை ஏறியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. குடிபெயர்பவரின் பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்குப் பல நாடுகள் சுங்க வரிவிலக்கு தருகின்றன; ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியைப் பார்த்தால், பொதுவாக 12 மாதங்களாவது தொடர்ந்து ஒன்றியத்துக்கு வெளியே வாழ்ந்திருக்க வேண்டும், சாமான்களை 6 மாதங்களாவது வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும், குடியேறிய 12 மாதங்களுக்குள் கொண்டுவர வேண்டும். நான் சென்ற நாட்டில் அந்த விலக்குக்கு வசிப்பிடச் சான்று கேட்டார்கள். சான்றுக்கு நிலையான முகவரி வேண்டும், முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும், ஒப்பந்தத்துக்குச் சம்பளச் சீட்டுகளும் முன்பணமும் வேண்டும். இரண்டு வாரத் தங்குமிடத்துக்குள் இவை அனைத்தும் முடியாது என்பது, வெளிநாட்டிலிருந்து ஆட்களைத் தொடர்ந்து வரவழைக்கும் நிறுவனத்துக்குத் தெரியாமலிருக்க நியாயமில்லை. தங்குமிடத்தை நீட்டித்துக் கேட்டபோது கொள்கையில் இடமில்லை என்றார்கள். மீதி நாள்களின் அறை வாடகையும், வீட்டுக்கான முன்பணமும், துறைமுகக் கிடங்கு வாடகையும் ஒரே நேரத்தில் என் தலையில் விழுந்தன. தங்குமிடத்தை வாரக் கணக்கில் கேட்பதைவிட, வாடகை வீடு கிடைத்துச் சாமான்கள் வந்துசேரும்வரை என்று கேட்டு, அதற்கு ஓர் உச்ச வரம்பு வைத்துக்கொள்வதே நடைமுறைக்குப் பொருந்தும். வீட்டு முன்பணத்துக்கு வட்டியில்லாக் கடனையும் கூடவே கேளுங்கள்.

காப்பீட்டைப் பற்றி எனக்கு யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நல்லவேளையாக என் சாமான்கள் சேதமின்றி வந்தன. ஆனால் கப்பலுக்கே ஆபத்து நேர்ந்து, அதை மீட்கப் பெருஞ்செலவானால், சேதமடையாத சரக்கின் உரிமையாளர்களும் அதில் பங்கு செலுத்த வேண்டும் என்பது மிகப் பழைய கடல்வணிக விதி. 2021இல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் என்ற சரக்குக் கப்பல் சிக்கியபோதும் இந்த விதி பயன்படுத்தப்பட்டது. காப்பீடு இல்லாதவர் அந்தப் பங்குக்குப் பிணைத்தொகை கட்டித்தான் தன் பொருளை மீட்க முடியும். எனவே காப்பீட்டுக் கட்டணமும் நிறுவனம் ஏற்கும் செலவுகளில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, கடிதத்துடன் இணைத்திருந்த திருப்பிச் செலுத்தும் நிபந்தனை. இரண்டு ஆண்டுகளுக்குள் எந்தக் காரணத்தால் பணி முடிவுற்றாலும் இடமாற்றத் தொகை முழுவதையும் ஊழியர் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. என்னுடன் சேர்ந்த ஒருவரை, மறுசீரமைப்பு என்ற பெயரில் நிறுவனமே வேலையிலிருந்து நீக்கியது. கடைசிச் சம்பளத்தில் அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டது. அவர் வரி போகப் பெற்றது குறைவு, பிடிக்கப்பட்டதோ வரிக்கு முந்தைய முழுத்தொகை. வேலையோடு விசாவும் பறிபோகும் நிலையில், ஊர் திரும்பும் விமானக் கட்டணத்துக்கே அவர் பிறரிடம் கேட்க நேர்ந்ததை நான் நேரில் பார்த்தேன். கையெழுத்திடும் முன் இந்த நிபந்தனையில் மூன்று திருத்தங்களைக் கேளுங்கள்: நிறுவனமே நீக்கினால் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை, ஊழியர் தாமாக விலகினால், பணியாற்றிய ஒவ்வொரு மாதத்துக்கும் உரிய பங்கு கழியும், திருப்பித் தர வேண்டியது கையில் கிடைத்த தொகை மட்டுமே. அந்த நண்பருக்கு நேர்ந்ததற்குப் பிறகு, இதே மூன்றையும் நானும் எழுத்து மூலம் கேட்டேன். கையெழுத்தான ஒப்பந்தத்தை இனி மாற்ற இயலாது என்று ஒற்றை வரியில் பதில் அனுப்பினார்கள்.