கைப்பிடி வைத்த ரெசிஸ்டன்ஸ் பேண்ட் செட்: வாங்கலாமா?

இழுத்து இழுத்துத் தசைகளுக்கு வேலை தரும் இந்த ரப்பர் குழாய் செட்டைத் தாராளமாக வாங்கலாம், முக்கியமாக நடைப்பயிற்சி மட்டும் செய்பவர்கள். வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, 2 நாளாவது தசைகளுக்கு வேலை தரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

செட்டில் ஐந்து ரப்பர் குழாய்கள், இரண்டு கைப்பிடிகள், கதவில் மாட்டும் பட்டை. குழாயில் அச்சிட்ட பவுண்டு எண்ணை நம்ப வேண்டாம். எவ்வளவு நீட்டுகிறோமோ அதற்கேற்ப இறுக்கம் மாறும். 12 முறை இழுத்த பிறகு இன்னும் இரண்டு முறைதான் முடியும் என்றால் அதுவே உங்களுக்கான குழாய். இழுக்க 1 விநாடி, திரும்ப விட 3 விநாடி. சட்டென்று விட்டால் பாதிப் பயன் போய்விடும். மூச்சை அடக்காதீர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் குறிப்பாக.

பட்டையைக் கீல் பக்கம் மாட்டி, இழுத்தால் கதவு மூடிக்கொள்ளும் பக்கம் நில்லுங்கள். எதிர்ப்பக்கம் நின்றால் கதவு முகத்தில் அடிக்கும்.

பலவீனம், குழாய் கொக்கியோடு சேரும் இடம். அங்கேதான் முதலில் விரிசல் விடும். ஒவ்வொரு முறையும் தடவிப் பாருங்கள், கீறல் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். வெயிலும் எண்ணெய்க் கையும் ரப்பரைக் கெடுக்கும். கால்களுக்கு இந்த செட் போதாது; நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.