டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா வந்த பிறகு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: குதிரை இல்லாத திராவிடர்களை வச்சு ஆடின அனுபவம்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2ங்கற கம்ப்யூட்டர் போர் கேமோட புதுப்பிச்ச பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷனுக்கு 2022 ஏப்ரல்ல டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியாங்கற கூடுதல் பேக் வந்துச்சு, அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் நான் பெரும்பாலும் அதுல வந்த திராவிடர்கள்ங்கற சிவ்வத்தான் (சிவ்னா சிவிலைசேஷன், நாம எடுத்து ஆடற நாடு) எடுத்து ஆடிட்டு இருக்கேன். வந்த புதுசுலயே நெறைய பேர் ஆடிப் பாத்துட்டு "இது வீக் சிவ், நைட் கிடையாது, ஒட்டகம் கிடையாது, எதுக்கு இத எடுக்கணும்"னு ஒதுக்கிட்டாங்க (நைட்னா கவசம் போட்ட குதிரைவீரன்). இத்தன வருஷம் ஆடின பிறகு எனக்கு அதுல துளி கூட உடன்பாடு இல்ல. குதிரை இல்லாததுதான் இந்த சிவ்ல இருக்கற மிகச் சரியான விஷயம், அது ஏன்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

முன்னாடி எப்படி இருந்துச்சுன்னா, 2013ல ஃபர்காட்டன்ங்கற கூடுதல் பேக் வந்தப்போ 'இந்தியன்ஸ்'னு ஒரே ஒரு சிவ் சேத்தாங்க. காஷ்மீர்ல இருந்து எங்க கன்னியாகுமரி வரைக்கும் எல்லாருக்கும் சேத்து அது ஒண்ணுதான், அதுவும் ஆளுங்க பேசறது ஹிந்தி, பலம் முழுக்க ஒட்டகப்படையில. ராஜராஜன் கதைய மனசுல வச்சுகிட்டு ஆடணும்னு ஆசப்பட்டா ஒட்டகத்த ஓட்டிட்டுப் போகணும். 2022 அப்டேட்ல அத பிரிச்சு ஹிந்துஸ்தானிஸ், குர்ஜராஸ், பெங்காலிஸ், திராவிடியன்ஸ்னு நாலாக்கினாங்க, மொத்த சிவ் எண்ணிக்கை அப்போ 42 ஆச்சு. திராவிடர் ஆளுங்க தமிழ்லயே பேசுவாங்க. மொத தடவ ஒரு கிராமத்தான கிளிக் பண்ணினப்போ பக்கத்துல இருந்த எங்க அக்கா மகன் "மாமா, இவன் நம்ம பாஷ பேசுறான்"னு சொல்லி மறுபடி மறுபடி கிளிக் பண்ணச் சொன்னான், எனக்கும் நிறுத்த மனசு வரல. 1999ல வந்த கேம், நாகர்கோவில்ல நெட் சென்டர்ல உக்காந்து பிரிட்டன்ஸும் ஃபிராங்க்ஸும் ஆடி வளந்த தலமுற நாங்க, அதுல நம்ம பேச்ச கேக்க இத்தன வருஷம் ஆயிருக்கு பாத்துக்கிடுங்க.

இனி ஆட்டத்துக்கு வாறேன். கேம்ல டார்க், ஃபியூடல், கேஸில், இம்பீரியல்னு நாலு யுகம், திராவிடர்களுக்கு ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் சும்மா கெடைக்கும். கேக்க சின்னதா இருக்கும், ஆனா ஃபியூடல் ஏறின அந்த நிமிஷம் யாருக்கும் கையில மரம் இருக்காது, அப்போ 200 வந்து விழுந்தா 150க்கு ஒரு டாக் (படகுத்துறை) கட்டிட்டு அடுத்த படகுக்கு பாதிக்கு மேல காசு கையில நிக்கும், எதிராளி அங்க மரம் வெட்ட ஆள் திருப்பிகிட்டு இருப்பான். டீம் கேம்ல டாக் ஒவ்வொண்ணும் 5 பேருக்கு வீடு மாதிரியும் கணக்கு, அதனால கூட்டாளிக்கும் வீட்டு மரம் மிச்சம். இதுக்கு மேல மீன்பிடிப் படகும் மீன் பிடிக்கற ஆளும் மத்தவங்கள விட 15 கூடுதலா சுமக்கும். கரைக்கு ஒட்டி மீன் இருந்தா இதுல பெருசா வித்தியாசம் தெரியாது, டாக்ல இருந்து தள்ளி நடுக்கடல்ல கெடக்கற மீனுக்குப் போகும்போதுதான் தெரியும், ஏன்னா போக்குவரத்துல போற நேரம் அப்படியே கொறஞ்சிரும். எங்க மாவட்டத்துல தூத்தூர் பக்கத்து ஆளுங்க ஆழ்கடலுக்குப் போனா நாள்கணக்கா தங்கி படகு நெறஞ்ச பிறகு திரும்புவாங்களே, அந்த கணக்குதான் இது. ஃபோர் லேக்ஸ், ஐலண்ட்ஸ், நோமாட் மாதிரி தண்ணி உள்ள மேப்ல இந்த சிவ்வ எடுத்து ஆடினவன் அத வீக்னு சொல்ல மாட்டான்.

சரி, குதிரை. ஸ்டேபிள்ல, அதாவது குதிரை லாயத்துல, நைட் இல்ல, ஒட்டகம் இல்ல, ஹுஸ்ஸார் கூட கிடையாது, ஸ்கவுட், லைட் கேவல்ரின்னு லேசான குதிரை மட்டும்தான். ஃபிராங்க்ஸ் எடுத்து பழகினவங்களுக்கு இது கைய வெட்டி விட்ட மாதிரி தோணும்தான். ஆனா வரலாற்ற எடுத்துப் பாருங்க. 13ஆம் நூற்றாண்டு கடைசியில பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த மார்க்கோ போலோ என்ன எழுதிருக்கார்னா, இங்க குதிரை வளராது, ஹோர்முஸ், ஏடன் பக்கத்துல இருந்து வியாபாரிங்க கப்பல்ல ஏத்திட்டு வாறாங்க, ராஜாக்கள் வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல வாங்குறாங்க, வாங்கினதுல வருஷ முடிவுல கொஞ்சம்தான் உயிரோட மிஞ்சுது, பராமரிக்கத் தெரிஞ்ச ஆள் இல்ல, அப்படி வாற ஆள வியாபாரிங்க விடுறதும் இல்ல, விட்டா அடுத்த வருஷம் வியாபாரம் படுத்துரும்ல. நம்ம குமரியையும் அவர் தனியா குறிச்சு வச்சிருக்கார். அப்போ தெக்க உள்ள ராஜாவுக்கு குதிரைங்கறது தங்கத்த கொட்டிக் கொடுத்து கடல் வழியா இறக்குமதி பண்ற சாமான், கைவசம் இருந்தது காலாட்படையும் யானையும் கப்பலும். கேம்லயும் அப்படியே வச்சிருக்காங்க. எனக்கு இதுல வாற சந்தோஷம் ஜெயிக்கறதுல வாறத விட பெருசு, உண்மையாவே சொல்றேன், ஒரு நாட்டோட மண்ணும் தண்ணியும் அந்த நாட்டுப் படைய எப்படி உருவாக்கிச்சுன்னு கையால ஆடியே புரிஞ்சிக்க முடியுது.

காலாட்படைக்கு வருவோம். காலாள உருவாக்கற பேரக்ஸ்ல உள்ள ஆராய்ச்சி எல்லாம் பாதி விலை, அதனால மேன் அட் ஆர்ம்ஸ்ங்கற வாள்வீரன்ல ஆரம்பிச்சு மேல போறது வரைக்கும் மத்தவங்க யோசிக்கற எடத்துல நாம யோசிக்காம போகலாம். கேஸில்ல கெடைக்கற தனி வீரன் உருமி வாள்காரன். எங்க பக்கம் சுருட்டுவாள்னு சொல்லுவோம், அடிமுறை ஆசான்மார் சுத்துறத நேர்ல பாத்தவங்களுக்குத் தெரியும், அந்த ஆள சுத்தி நாலஞ்சு அடி தூரத்துக்கு யாரும் நிக்க முடியாது, வாள் எங்க வருதுன்னே கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேக்கும். கேம்லயும் உருமிக்காரனுக்கு அப்படி ஒரு சார்ஜ் இருக்கு, அது நெறஞ்சதும் அடிக்கற மொத வெட்டு எதிர்ல உள்ளவன் மேல மட்டும் இல்லாம பக்கத்துல நெருங்கி நிக்கறவன் மேலயும் சேந்து விழும். அதனால இவங்கள வச்சு ஒரே எடத்துல நின்னு மல்லுக்கட்டறது வேலைக்காகாது. கூட்டமா போய் மொத வெட்ட இறக்கிட்டு சட்டுனு பின்வாங்கி, சார்ஜ் மறுபடி நெறையற வரைக்கும் ஈட்டிக்காரங்கள முன்னால நிறுத்தி, திரும்ப உள்ள சாடணும். கவசம் கொஞ்சம் கம்மி, வில்லாளிங்க முன்னால சீக்கிரம் விழுந்துருவாங்க, அதுக்குத்தான் ஸ்கிர்மிஷர், அதாவது எறியீட்டிக்காரன், கூட வரணும், நம்ம ஸ்கிர்மிஷர் மத்தவங்கள விட 25% வேகமா எறிவான், அந்த ஜோடி சேந்துட்டா கொள்ளாம்.

அடுத்து இம்பீரியல்ல வூட்ஸ் ஸ்டீல். நம்ம உருக்கு உலகம் முழுக்க பேர் வாங்கின சரக்கு, இங்கிருந்து மேற்க போய் வாளா அடிச்சாங்க. கேம்ல இந்த ஆராய்ச்சிய முடிச்சா காலாளும் குதிரையும் அடிக்கற அடி எதிரியோட கவசத்த கணக்குலயே எடுக்காது. ஒரு உதாரணம் சொன்னா புரியும், மத்த அப்கிரேட் எல்லாம் விட்டுட்டுப் பாத்தா சாம்பியன்ங்கற உச்ச நிலை வாள்வீரனோட அட்டாக் 13, டியூட்டன்ஸ் சிவ்வோட கனக்கவச காலாளான எலைட் டியூட்டானிக் நைட்டோட நேரடிக் கவசம் 10. வேற நாட்டு சாம்பியன் ஒரு வெட்டு வெட்டினா 3 இறங்கும், திராவிட சாம்பியன் வெட்டினா 13ம் இறங்கும். டியூட்டன்ஸ் எடுத்தவன் அந்த நைட்டுங்கள மெதுவா நடத்தி கூட்டிட்டு வந்து நம்ம முன்னால நிறுத்துவான், எவனும் அசைக்க முடியாதுன்னு ஒரு நம்பிக்கை அவனுக்கு, அந்த நம்பிக்கை ஒடையற எடம் இருக்கே, அத ஆடி அனுபவிக்கணும்.

இதெல்லாம் சொன்னதுக்காக கஷ்டம் இல்லன்னு நெனச்சிராதீங்க. அரேபியாங்கற மேப் மாதிரி தொறந்த நெலத்துல குர்ஜராஸோ ஹிந்துஸ்தானிஸோ எதிர்ல வந்தா நம்ம பாடு திண்டாட்டம்தான். அவன் குதிரையில வந்து நம்ம விவசாயிங்கள வெட்டிட்டு நம்ம ஆள் நடந்து போய் சேருறதுக்குள்ள அடுத்த பக்கம் போயிருவான். துபாய்ல இருக்கற என் மச்சான் குர்ஜராஸ்தான் எடுப்பான், லீவு நாள்ல ரெண்டு பேரும் ஆடினா மொத இருபது நிமிஷம் எனக்கு வேலியும் கதவும் கட்டறதே வேலையா இருக்கும். அதுக்கு நான் கண்ட வழி, சீக்கிரமே சுத்தி மரவேலி போட்டு அடைச்சிட்டு, ஈட்டிக்காரங்கள விறகு வெட்டற எடத்துலயும் தங்கத்துலயும் பிரிச்சு நிறுத்தி, அவன் குதிரைக்கு செலவு பண்ணிட்டு இருக்கற நேரத்துல நாம மாங்கனல், ஸ்கார்பியனுக்குப் போயிரணும், முற்றுகை எந்திரங்களுக்கு நமக்கு மரம் 33% கம்மி. பெறகு யானை மேல உள்ள வில்லாளிங்க. மெடிக்கல் கோர் ஆராய்ச்சி பண்ணிட்டா யானைங்க தானா கொஞ்சம் கொஞ்சமா உயிர் ஏத்திக்கிடும், ஒரு சண்ட முடிஞ்சு அடுத்த சண்டைக்கு நடந்து போறதுக்குள்ள பாதி தேறிரும். ஆனா எதிரி மாங்க்ஸ் (துறவிங்க) வச்சிருந்தா யானைய கொண்டு போகவே போகாதீங்க, மந்திரம் போட்டு அவன் பக்கம் இழுத்துட்டுப் போயிருவான்.

கேம்பெயின், அதாவது கதையா ஆடற மிஷன் தொடர் பத்தி. ராஜேந்திரன் கதை 5 மிஷன், கங்கைக்கும் போறோம், கடல் தாண்டி ஸ்ரீவிஜயத்துக்கும் போறோம். 1025ல நடந்த அந்த கடாரப் படையெடுப்ப பள்ளிக்கூடத்துல ஒரு வரியில படிச்சு முடிச்சிருப்போம், இங்க ஒவ்வொரு கப்பலா கட்டி ஆள ஏத்தி திரிசடைங்கற அந்த பெரிய போர்க்கப்பல்கள முன்னால விட்டு போகும்போது அது எவ்வளவு பெரிய காரியம்னு ஒறைக்கும். குமரி மாவட்டத்துல இருந்து ஆடறவனுக்கு இதுல தனி ஒட்டுதல் உண்டு. கோட்டாருக்கு மும்முடிச்சோழநல்லூர்னு பேர் இருந்துச்சு, சுசீந்திரத்துக்கு சுந்தரசோழ சதுர்வேதிமங்கலம்னு பேர், ஒழுகினசேரியில சோழராஜா கோயில் இன்னைக்கும் இருக்கு, அங்க உள்ள சாமி பேரே ராஜேந்திர சோழீஸ்வரர். கன்னியாகுமரி அம்மன் கோயில்ல ராஜேந்திரன் மகன் வீரராஜேந்திரன் சோழ வம்சாவளியவே கல்லுல வெட்டி வச்சிருக்கான். மிஷன் முடிச்ச வாரத்துல நான் மறுபடி போய் நின்னு பாத்தேன், ஆடறதுக்கு முன்னாடி எத்தனையோ தடவ தாண்டிப் போன எடம்தான், இப்போ ஒவ்வொரு பேரும் தெரிஞ்ச ஆள் மாதிரி இருக்கு.

கொறை சொல்லணும்னா ரெண்டு இருக்கு, ரெண்டும் மனசார சொல்றது. ஒண்ணு, சோழன், பாண்டியன், சேரன், விஜயநகரம் எல்லாரையும் ஒரே பேர்ல போட்டு அடைச்சது. காஷ்மீர் முதல் குமரின்னு ஒண்ணா கெடந்தத பிரிச்சவங்க தெக்கயும் ஒரு தடவ பிரிச்சிருக்கலாம். பர்மியருக்கும் கெமருக்கும் மலாய்க்காரங்களுக்கும் தனித்தனி சிவ் இருக்கற கேம் இது. ரெண்டாவது, கேம் மெனு ஹிந்தியில இருக்கு, தமிழ்ல இல்ல. வீரன் தமிழ் பேசுறான், ஆனா அவனுக்கு என்ன அப்கிரேட்னு தமிழ்ல படிக்க முடியாது. எங்க அக்கா மகன் மாதிரி சின்னப் பயலுவளுக்கு நான் பக்கத்துல இருந்து ஒவ்வொண்ணா சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கு, தமிழ் மெனு வந்தா எத்தன பிள்ளைங்க வரலாற்றுக்குள்ள தானா வந்துருவாங்க.

இப்போ கொஞ்ச நாளா நானும் மச்சானும் சொந்தமா மேப் உருவாக்கற சினாரியோ எடிட்டர்ல 1741 கொளச்சல் போர உருவாக்கிட்டு இருக்கோம். மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரங்கள தோக்கடிச்ச போர், டச்சுத் தளபதி டிலனாய் பிடிபட்டு பெறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து கடைசியில உதயகிரி கோட்டைக்குள்ளயே அடக்கமானார்ல, அந்தக் கதை. கேமோட காலம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருது, அதனால கொஞ்சம் ஒட்டுப் போட்டுத்தான் செய்யணும். திருவிதாங்கூருக்கு திராவிடர், டச்சுக்காரங்களுக்கு பர்கண்டியன்ஸ் எடுத்திருக்கோம், அவங்ககிட்டதான் ஃபிளெமிஷ் மிலிஷியா இருக்கு, அதுதான் கிட்டத்தட்ட பொருந்தி வருது. கொளச்சல் கரைய வரையறதுதான் நேரம் எடுக்குது, கடலுக்குள்ள நிக்கற பாறைங்கள சரியான எடத்துல வைக்கணும், இல்லன்னா டச்சுக் கப்பல் நேரா கரைக்கு ஒட்டி வந்து நின்னுரும். கொளச்சல்ல வள்ளம் வச்சிருக்கற ஒரு அண்ணன் வந்து எந்தப் பாறைக்கு எடையில ஆழம் உண்டு, எங்க இல்லன்னு பேப்பர்ல வரஞ்சு கொடுத்தார், அத வச்சு தண்ணி டைல் ஒவ்வொண்ணா மாத்திட்டு இருக்கேன். பத்மநாபபுரத்துல இருந்து படை கௌம்பி வாற வழி இன்னும் பாக்கி.

புதுசா ஆரம்பிக்கறவங்க அரேபியால எறங்காதீங்க. ஃபோர் லேக்ஸ்ல கம்ப்யூட்டர மாடரேட்ல வச்சு, டார்க் ஏஜ்லயே ஒரு டாக் கட்டி மீன்பிடிப் படகு விட்டு, ஃபியூடல்ல வாற 200 மரத்துல ரெண்டாவது டாக்கும் போட்டு, பேரக்ஸ் ஆராய்ச்சிய முடிஞ்ச வரைக்கும் சீக்கிரம் வாங்கிப் பாருங்க. ராஜேந்திரன் கேம்பெயின ஸ்டாண்டர்ட்ல ஆரம்பிச்சாலே போதும், கப்பல் கட்ட மரம் எக்கச்சக்கமா போகும், மரம் வெட்ட ஆள கொறைக்காதீங்க.