பிக்கப் வண்டிக்கு மலிவு டேங்க் ஃப்ளோட் வாங்கலாமா?

டீசல் முள் தப்பாகக் காட்டினால் உடனே மீட்டரை மாற்றாதீர்கள். பெரும்பாலும் கோளாறு டேங்குக்குள் இருந்து டீசல் மட்டத்தை மீட்டருக்குச் சொல்லும் ஃப்ளோட்டில்தான் (கம்பி நுனியில் மிதவை உள்ள கருவி): ரெசிஸ்டன்ஸ் தகடு தேய்ந்திருக்கும், இல்லையென்றால் மிதவைக்குள் டீசல் புகுந்திருக்கும். அதற்கும் முன்னால் எர்த் வயரைச் சுரண்டிச் சுத்தம் செய்து பாருங்கள். மழைத்தண்ணீரில் ஓடும் சென்னை வண்டிகளில் அந்த இணைப்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்.

சென்னையில் வண்டி பாகங்கள் விற்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பெயரில்லாத ஃப்ளோட் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் கடையிலேயே சோதிக்காமல் காசு கொடுக்கக் கூடாது. மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை அளவில்) வைத்து, மிதவைக் கம்பியைக் கீழிருந்து மேலே மெதுவாகத் தூக்குங்கள். எண் சீராக நகர வேண்டும். நடுவில் குதித்தால் வேண்டாம். காலி, ஃபுல் இரண்டு நிலையிலும் வரும் ஓம்ஸ் உங்கள் வண்டி மாடலின் சர்வீஸ் மேனுவல் அளவோடு ஒத்துப்போக வேண்டும்.

இந்தச் சரக்கின் பெரிய குறை கம்பியின் நீளம். கொஞ்சம் கூடினாலும் மிதவை டேங்கின் அடியில் முட்டி நின்றுவிடும். டீசல் தீர்ந்த பிறகும் முள் மிச்சம் காட்டும். பழைய ஃப்ளோட்டைக் கையோடு கொண்டுபோய் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். மூடிக்கு ரப்பர் கேஸ்கெட்டும் புதிதாக வாங்குங்கள். பழையதையே போட்டால் ஃபுல் டேங்கில் கசியும். தினமும் லோடு ஓட்டும் வண்டிக்கு கம்பெனி ஃப்ளோட்டே போடுங்கள்.