பார்க்கைத் திறந்து சனத்தை வேட்டைக்கு விடுறதோ, வயலைச் சுத்திக் காவல் போடுறதோ: எது எங்கட வன்னிக்குச் சரிவரும்?

போன காலபோகத்தில நெல்லு பால் பிடிச்சு நிக்கேக்க ஒரு ராத்திரிக்குள்ள எங்கட அரை ஏக்கரைக் காட்டுப்பண்டி பிரட்டிப்போட்டுது, திண்டது கொஞ்சம் உழக்கினதுதான் கனக்க, வரம்பையும் கிண்டி உடைச்சதில தண்ணியும் போட்டுது. பாலம்பிட்டிப் பக்கம் வயல் வச்சிருக்கிற ஆக்களுக்கு இது புதுக்கதை இல்லை. அடுத்தநாள் தேத்தண்ணிக் கடையில ஒரே கதைதான், மடு வீதிச் சரணாலயத்தை 2015ல தேசியப் பூங்கா ஆக்கினாங்கள், பண்டியெல்லாம் அதுக்குள்ளதான் பெருகுது, பார்க்கைத் திறந்து சனத்தை வேட்டைக்கு விட்டால் பண்டியும் குறையும் இறைச்சியும் கிடைக்கும் எண்டு. அமெரிக்காவில இருக்கிற சித்தப்பாவின்ர மகனும் போனில அதையேதான் சொன்னான், அங்க டிக்கெட் எடுத்துச் சுடலாமாம்.

எனக்கும் முதல்ல ஆசையாத்தான் இருந்தது. பிறகு இருந்து ஒவ்வொண்டா வாசிச்சுப் பார்த்தன், அதுதான் இதை எழுதுறன்.

அமெரிக்காவில டிக்கெட் எடுத்துச் சுடுறது கூடுதலா அரச காடுகளிலயும் தனியார் காணிகளிலயும்தான், தேசியப் பூங்காக்கள் கனக்கத்தில வேட்டைக்கு இடமே இல்லை. கிராண்ட் டீட்டன் பூங்காவில 1950ல வந்த சட்டத்திலயே எல்க் மானைக் குறைக்க வேட்டைக்காரரைச் சேர்க்கலாம் எண்டு எழுதிக்கிடக்கு, சேருறவை அந்தச் சீசனுக்குப் பூங்கா ரேஞ்சர் மாதிரி பதிவாக வேணும். 2021ல கிராண்ட் கேன்யனில காட்டெருமை கூடிப்போச்செண்டு தொண்டர்களைக் கேட்டவை. 45,000 பேருக்கு மேல விண்ணப்பம் போட்டு, 12 பேரைத் தெரிஞ்செடுத்து, கடைசியில விழுந்தது நாலு எருமை. இறைச்சியை வாகனம் இல்லாமல் தோளில காவிக்கொண்டு வரவேணும் எண்டும் சட்டம். நாப்பத்தஞ்சாயிரம் பேரின்ர ஆசைக்கு நாலு எருமை எண்டால், அந்த வழியில எங்கட பண்டி எப்ப குறையிறது?

இன்னொரு விஷயம், அங்க எல்க் பெருகினதுக்குக் காரணம் ஓநாயை முழுக்கச் சுட்டு முடிச்சதுதான். யெல்லோஸ்டோனில ரேஞ்சர்மாரே வருசக்கணக்கா ஆயிரக்கணக்கில எல்க்கைக் கொண்டும் சரிவராமல், 1995ல ஓநாயைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டவை. எங்களுக்கு அந்த ஓநாயின்ர இடத்தில சிறுத்தை இருக்கு, வில்பத்துக்காட்டில இருந்து இஞ்சால வரைக்கும் இருக்கு, பண்டிக்குட்டியையும் மானையும் பிடிச்சுத் தின்னுற சீவன் அது, அதை நாங்களே அடிச்சு முடிச்சுக்கொண்டு துவக்குத் தாங்கோ எண்டு கேட்கிறம். 2018ல கிளிநொச்சி அம்பாள்குளத்தில நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், வந்த சிறுத்தை ஆக்களைக் காயப்படுத்தினது உண்மை, ஆனா அதை அடிச்சுக் கொன்று செல்பி எடுத்ததை நினைச்சால் எனக்கு இண்டைக்கும் வயிறு எரியுது.

சரி, ஆக்களை விடாமல் அரசாங்க ஆக்களே சுடுற முறை எப்பிடி? சுவிஸில ஜெனீவா மாநிலம் 1974ல வாக்கெடுப்பு வச்சுப் பொழுதுபோக்கு வேட்டையை நிப்பாட்டிப்போட்டுது, பண்டி கூடினால் சம்பளத்துக்கு இருக்கிற காவலர்மாரே இரவில போய்ச் சுடுகினம், தோட்டங்களுக்கு மின்வேலியும் நட்டஈடும் குடுக்கினம். தமிழ்நாட்டிலயும் 2025 தை மாசம் ஒரு முடிவு வந்தது, காட்டு எல்லையில இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாது, ஒண்டுக்கும் மூண்டுக்கும் இடையில பிடிச்சுக் காட்டுக்குள்ள விடவேணும், மூண்டுக்கு அங்கால வனத்துறை ஆக்கள் மட்டும் சுடலாம் எண்டு. ஒழுங்கான வழிதான், பிழையாச் சுட்டால் ஆரைக் கேட்கிறதெண்டு தெரியும். ஆனா இஞ்ச வனஜீவராசிகள் திணைக்களத்தில ஒரு ஜீப்பும் நாலஞ்சு பேரும் எத்தினை ஊருக்குப் போறது? யானை வந்து நிக்குதெண்டு போன் எடுத்தால் விடியத்தான் வருகினம், பண்டிக்கு ஆர் வரப்போகினம்.

கேரளாவின்ர முறைதான் எங்களுக்குக் கிட்டவா வருது எண்டு நான் நினைக்கிறன். 2022ல இருந்து பஞ்சாயத்துத் தலைவருக்கே அதிகாரம், காட்டுக்கு வெளியில பயிருக்குள்ள வந்த பண்டியை லைசன்ஸ் துவக்கு உள்ள ஆக்களைக்கொண்டு சுடலாம், நஞ்சும் வெடியும் கரண்டும் பாவிக்கக்கூடாது. அங்க ஒரு குறை, இறைச்சியைச் சாப்பிடக்கூடாது புதைக்கவேணும், கமக்காரருக்கு அது பெரிய மனவருத்தம், அந்த இடத்தில கேரளாக் கமக்காரரின்ர பக்கம்தான் நான்.

இனி எங்கட இடத்தில இப்ப உண்மையா நடக்கிறதைச் சொல்லவேணும், ஏனெண்டால் இதோடதான் மற்றதெல்லாத்தையும் ஒப்பிட வேணும். கட்டுத்துவக்கு (கட்டின கம்பியில கால் பட்டால் தானா வெடிக்கிற துவக்கு), வாய்வெடி, சுருக்குக் கம்பி, கரண்ட் கம்பி. எல்லாமே களவுதான், எல்லா ஊரிலயும் இருக்கு. என்ர அம்மான் விறகுக்குப் போய்க் கட்டுத்துவக்கில கால் பட்டு முழங்காலுக்குக் கீழ போனது, வச்ச ஆளும் எங்கட ஊர்தான், பண்டிக்குத்தான் வச்சவர், பிறகு ரெண்டு குடும்பமும் இண்டைக்கு வரைக்கும் கதை பேச்சில்லை. வாய்வெடி அதைவிடக் கொடுமை, பழத்துக்குள்ள வச்சுப் பண்டிக்கெண்டு போடுறதை யானைக்குட்டி கடிச்சு வாய் கிழிஞ்சு, திங்கவும் ஏலாமல் குடிக்கவும் ஏலாமல் கிழமைக்கணக்கா நிண்டு சாகும். இலங்கையில யானை சாகிற முக்கிய காரணங்களில அதுவும் ஒண்டு. 2020ல மலையகத்து நல்லதண்ணியில மீட்டுப் பிறகு செத்துப்போன கருஞ்சிறுத்தையும் சுருக்கில பட்டதுதான்.

அப்ப பார்க்குக்குள்ள சனத்தை விட்டால் இந்தக் களவெல்லாம் நிண்டுடுமோ? எனக்கு நம்பிக்கை இல்லை. பண்டி வயலுக்கு வாறது இரவில, அதுவும் கதிர் பால் பிடிக்கிற அந்தச் சில கிழமைதான் உயிர்போற நேரம், பார்க்குக்கு வாறவை வருவினம் பகலில, லீவு நாளில, ஜீப்பில, நாயோட. காட்டுக்குள்ள கலைச்சால் பண்டி எங்க வரும்? எங்கட வயலுக்குத்தான் வரும். வாறவை பெரிய தந்தப்பல்லுக் கிடாயைத்தான் தேடுவினம், பெருக்கிறது பெட்டைப்பண்டி, ஒரு ஈத்தில நாலு அஞ்சு குட்டி போடும், அதை விட்டிட்டு எத்தினை கிடாய் சுட்டாலும் அடுத்த மாரிக்கு அதே கூட்டம் நிக்கும். பண்டியெண்டு லைசன்ஸ் எடுத்துக்கொண்டு போறவை மரையையும் மானையும் கண்டால் சும்மா விடுவினமோ, இறைச்சிக்கு இருக்கிற விலைக்கு? வெள்ளைக்காரன் காலத்தில சனத்தைக் காட்டுக்குள்ள விட்டதுக்கு என்ன நடந்தது எண்டும் தெரியும், ரோஜர்ஸ் எண்ட ஒரு அதிகாரி மட்டும் 1,400 யானைக்கு மேல சுட்டவர் எண்டு எழுதிவச்சிருக்கினம்.

வன்னிக்கெண்டே உள்ள கரைச்சலும் இருக்கு. மிதிவெடி எடுக்கிற வேலை கன வருசமா நடக்கிற மண் இது, காட்டுப்பக்கம் இன்னும் ஆக்கள் பயந்து பயந்துதான் போறவை. அதே காட்டோரத்தில தேன் எடுக்கிறவை, விறகு வெட்டுறவை, மாடு தேடிப் போறவை எல்லாம் இருக்கினம். துவக்குச் சத்தம் கேட்டு நடு இரவில எழும்பி நெஞ்சிடிக்கிற அம்மாமார் எங்கட ஊரில இருக்கினம், அதையும் ஒரு கணக்கில எடுங்கோ.

வேலிக் கதைக்கு வருவம். யானைவேலி பண்டிக்கு உதவாது, கம்பி உயரத்தில போகுது, பண்டி கீழால பூந்துடும். ஆனா குருநாகல் மாவட்டத்துக் கல்கமுவப் பக்கம் கமக்காரர் தாங்களே கூட்டாச் செய்யிற மின்வேலியைப் பாருங்கோ, விதைக்கேக்க வயலைச் சுத்திப் போட்டு அறுவடை முடியக் கழட்டி வைக்கிறது, அதுக்குப் பிறகு யானை வந்து அறுத்து மிஞ்சின ஒட்டைத் திண்டிட்டுப் போகும். காட்டெல்லையில திணைக்களம் போட்ட வேலி ரெண்டு பக்கமும் காடாக் கிடந்து ஒருத்தரும் பாக்காமல் துருப்பிடிக்குது, இது தன்ர வயலைச் சுத்தினதால ஒவ்வொருத்தனும் தன்ர பங்கைப் பாக்கிறான். அதே வேலியில நிலத்தில இருந்து ஒரு சாணில ஒரு கம்பி, ரெண்டு சாணில இன்னொண்டு சேர்த்து இழுத்தால் பண்டிக்கும் சரி, சோலர் பேட்டரியில ஓடுற வேலிக்கருவிதான் வேணும், வீட்டுக் கரண்டைக் குடுத்தால் அது கொலை. செலவு இருக்கு, புல்லு முட்டினால் கரண்ட் இறங்கும், கிழமைக்கு ஒருக்கா வெட்டவேணும், எங்கட கமக்கார அமைப்பில வேலிக்கெண்டு கூப்பிட்டால் பாதிப்பேர் வரமாட்டினம், அது உண்மையான பிரச்சினை. குரங்குக்கும் மயிலுக்கும் இது ஒண்டும் சரிவராது, அது வேற கதை.

என்ர பக்கம் என்னெண்டால், பார்க்குக்குள்ள வேட்டை வேண்டாம், வயலைச் சுத்திக் கூட்டு வேலி, அதையும் தாண்டி வாறதுக்கு ஊருக்கு ரெண்டு மூண்டு பேர், பயிற்சியும் லைசன்சும் உள்ள ஆக்கள், கமக்கார அமைப்பும் பிரதேச செயலகமும் கையெழுத்து வச்ச ஆக்கள், விதைப்பில இருந்து அறுவடை வரைக்கும் மட்டும், வயலுக்குள்ள மட்டும். விழுந்த பண்டியை விக்காமல் வயலை இழந்த வீடுகளுக்குப் பங்கு போடவேணும். காட்டுப்பண்டி இலங்கைச் சட்டத்தில பாதுகாக்கப்பட்ட மிருகம் இல்லை, அதால இது கேட்க ஏலாத கேள்வி இல்லை.

இந்தமுறை விதைப்புக் கூட்டத்துக்கு அம்மானும் வாறன் எண்டவர். கட்டுத்துவக்கு வச்சவரும் அதே குளத்துக்குக் கீழ வயல் செய்யிறவர்தான், வேலி போட்டால் அவற்ற வரம்பாலயும் எங்கட வரம்பாலயும் ஒரே கம்பிதான் போகும், நான்தான் போய் அவரோட கதைக்க வேணும்.